விளக்கு முதலில் எரிந்ததா, எஞ்சின் முதலில் நின்றதா?

சப்ரகமுவ மாகாணத்தில் வியாபாரம் செய்யும் எம்மவர்கள் பலருக்குக் கடை ஒரு முதலீடு என்றால் வாகனம் இன்னொரு முதலீடு. இரத்தினபுரியிலிருந்து காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டக் கடைகளுக்குப் பிஸ்கட்டும் சவர்க்காரமும் கொண்டு செல்பவர்கள் இருக்கிறார்கள். கேகாலையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் தெரணியகலை, யட்டியாந்தோட்டை வரை துணிமணியும் பிளாஸ்டிக் சாமானும் ஏற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் சம்பளம் போடும் நாளில் வாகனம் லயத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதத்தின் வியாபாரம். அன்றைக்குப் பார்த்து வழியில் நின்றுவிட்டால், கடனுக்குக் கொடுத்த பணமும் வராது, புதிய சரக்கும் இறங்காது.

முற்றாகப் பழுதாகி நிற்கும் வாகனத்தால் வரும் தொல்லை ஒரு நாளோடு முடியும். இழுத்துக்கொண்டு போய்த் திருத்திவிடலாம். நின்று நின்று ஓடும் வாகனம்தான் வியாபாரியைத் தின்கிறது. ஏற்றத்தில் நிற்கும், கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். மறுநாள் காலை அணைந்திருக்கும். கராஜுக்குக் கொண்டு போனால் அங்கே ஒழுங்காக ஓடும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு ஹாஜியார்" என்பார் மெக்கானிக். திரும்பி வரும் வழியில் மறுபடியும் நிற்கும்.

அதன் பிறகு நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். முதலில் பிளக் மாற்றுவார்கள். பிறகு பில்டர். பிறகு பெட்டரி. அதற்கும் சரிவராவிட்டால் பெற்றோல் பம்ப், கொயில், சென்சர். கடைசியில் "கொம்பியூட்டர் பெட்டி போயிட்டு" என்ற தீர்ப்பு வரும். ஒவ்வொரு பாகத்தையும் பார்ட்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். பூட்டிய பிறகு அது காரணம் அல்ல என்று தெரிந்தாலும் எந்தக் கடையும் மின்பாகத்தைத் திருப்பி எடுப்பதில்லை.

இப்படி நடப்பதற்கு மெக்கானிக்கைத் திட்டுவது எளிது. ஆனால் இதில் பெரும் பங்கு வாடிக்கையாளராகிய எங்களுடையது என்பதே என் கருத்து. பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம். பூட்டிய கைக்கும் கூலி கொடுக்கிறோம். எது பழுது என்று கண்டுபிடித்த மூளைக்கு மட்டும் ஒரு சதமும் கொடுக்க விரும்புவதில்லை. "சும்மா பார்த்ததுக்கு என்ன காசு?" என்று கேட்கும் ஊரில் எந்த மெக்கானிக் அரை நாள் செலவழித்துக் காரணம் தேடுவார்? பாகத்தை மாற்றினால்தான் அவருக்கு வருமானம் என்ற நிலையை உண்டாக்கியிருப்பவர்கள் நாங்களே.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

வாகனம் நின்றதும் அநேகமான சாரதிகள் சொல்வது: "ஒயில் லைட்டும் பெட்டரி லைட்டும் எரிஞ்சிச்சு, எஞ்சின் நின்டுட்டு." இதைக் கேட்டவுடன் பெட்டரியையும் அல்டனேட்டரையும் கழற்றத் தொடங்குகிறார்கள்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. திறப்பு போட்ட நிலையில் இருக்க, எஞ்சின் எந்தக் காரணத்தால் நின்றாலும் இந்த இரண்டு சிவப்பு விளக்குகளும் தாமாகவே எரியும். எஞ்சின் சுழலாதபோது ஒயில் அழுத்தம் இல்லை, மின் உற்பத்தியும் இல்லை. அதைத்தான் அவை சொல்கின்றன. எனவே விளக்கு முதலில் எரிந்து பிறகு எஞ்சின் நின்றதா, எஞ்சின் நின்ற பிறகு விளக்கு எரிந்ததா என்பதே முதல் கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓட்டினால் எஞ்சினே போய்விடக்கூடும். நின்ற பிறகு எரிந்தால் அது வெறும் விளைவு. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கின் விடயம் வேறு. அது தொடர்ந்து எரிந்தால் வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு குறையைக் கண்டு பதிவு செய்திருக்கிறது என்று பொருள். பல வாகனங்களில் அது கண் சிமிட்டுவது போல் விட்டு விட்டு எரிந்தால், எரிபொருள் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது என்ற கடும் எச்சரிக்கை. வேகத்தைக் குறைத்து, பாரத்தைக் குறைத்து, விரைவில் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் இன்றே செய்து பார்க்கலாம். திறப்பைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு அந்த நேரத்தில்கூட எரியவில்லை என்றால் வாகனம் சுகமாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். பல்பு போயிருக்கலாம், அல்லது உங்களுக்கு விற்றவர் அதைக் கழற்றியிருக்கலாம்.

நிற்கும் விதமே பாதி விடை

எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

முதல் வகை, விளக்கை அணைத்தது போல் சட்டென்று நிற்பது. இருமல் இல்லை, இழுவை குறையவில்லை. இது பெரும்பாலும் மின்சாரப் பக்கம். திறப்பு போடும் சுவிட்ச், பிரதான ரிலே, எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சர், துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கிராங்க் சென்சருக்கு ஒரு குணம் உண்டு. சூடேறியதும் செயலிழக்கும், இருபது முப்பது நிமிடம் ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். கராஜுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் வாகனம் ஆறிவிடுவதால் அங்கே குறை தெரிவதில்லை. 1990களின் ஹொண்டா சிவிக் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள பிரதான ரிலேயின் ஈயப்பற்று வெடிப்பதும் இதே ரகம். வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடியைத் திறந்து ஆறவிட்டால் ஓடும். ஈயத்தைத் திரும்பப் பற்றவைத்தால் தீரும் இந்தக் குறைக்காகப் புதுப் பம்ப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது வகை, முக்கித் திணறி, இழுவை குறைந்து, பிறகு நிற்பது. இது எரிபொருள் பக்கம். அடைத்த பில்டர், களைத்துப்போன பம்ப், டீசலில் தண்ணீர், டீசல் குழாயில் காற்றுக் கசிவு ஆகியவை இதில் அடங்கும். பழைய டீசல் வாகனங்களில் எரிபொருளை நிறுத்தும் சொலனொயிட்டின் வயர் தளர்ந்தாலும் எஞ்சின் நிற்கும். ஆனால் அது சட்டென்று நிற்கும். கொமன் ரெயில் டீசல் எஞ்சின்களில் உயரழுத்தப் பம்பின் உறிஞ்சல் வால்வு சிக்கிக்கொள்வதும் உண்டு. செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வாகனம் இப்படி நின்றவுடன், பக்கத்தில் நெருப்பு இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, எரிபொருள் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாகக் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு எஞ்சின் நன்றாக ஓடினால், தாங்கிக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. பம்பில் பிழையில்லை.

மூன்றாவது வகை, ஓடும்போது நன்றாக ஓடி, சந்தியில் நிறுத்தும்போது மட்டும் நிற்பது. இது காற்றுப் பக்கம். கரி படிந்த திரொட்டில், அழுக்கேறிய ஐட்லிங் வால்வு, வெடித்த வெக்கூம் குழாய், மூடாமல் சிக்கிய ஈஜீஆர் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் சந்தேகம் இன்னும் பலமாகும். இவற்றில் பலவற்றுக்குச் சுத்தம் செய்வதே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எங்கள் மழையும் எங்கள் மலையும்

கொழும்பில் ஓடும் வாகனத்துக்கும் எங்கள் பக்கம் ஓடும் வாகனத்துக்கும் வேறுபாடு உண்டு. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரம் வயர் இணைப்புகளுக்குள் புகுந்து, செம்பில் பச்சை நிறத் துருவை உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துரு, தோட்டத்துக் கல்பாதையில் வாகனம் குலுங்கும்போது மின்சாரத்தை ஒரு கணம் துண்டிக்கிறது. அந்த ஒரு கணத்தில் எஞ்சின் நிற்கிறது.

2003 மே மாத வெள்ளத்தையும் 2017 மே மாத வெள்ளத்தையும் இரத்தினபுரி மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கேகாலை மாவட்டத்தையும் உலுக்கியது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தைக் கழுவி, ஒயில் மாற்றி ஓட்டிவிடலாம். ஆனால் கம்பளத்துக்கு அடியில் போகும் வயர்க்கட்டுக்குள் சென்ற சேற்றுத் தண்ணீர் மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்யும். வெள்ளத்துக்கு ஓராண்டு கழித்து நின்று நின்று ஓடத் தொடங்கும் வாகனத்தில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த இணைப்புகளைத்தான். எஞ்சினின் மீது நேராக உயரழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவும் பழக்கமும் இதே தீங்கைச் சிறிய அளவில் செய்கிறது. கடைக்குப் பின்னால் நெல், மா, பருப்பு அடுக்கிய களஞ்சியத்தின் அருகே வாகனத்தை நிறுத்துபவர்கள், எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியும் தன் தடத்தை விட்டுச் சென்றது. அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்து, 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கேன்களில் சேமித்த பெற்றோலை ஊற்றினோம். தாங்கியை அடிமட்டம் வரை வற்றவிட்டு ஓட்டினோம். பெற்றோல் பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான். தாங்கி வற்றினால் பம்ப் சூடாகும். அடியில் தேங்கிய கசடும் உள்ளே இழுபடும். நெருக்கடி போய்விட்டது, ஆனால் கால் தாங்கிக்குக் கீழே ஓட்டும் பழக்கம் பலரிடம் இன்னும் போகவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து ஆண்டுகள் புதிய வாகனம் வராததால், ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய வேன்களையும் லொறிகளையும் நாம் ஓட்டிக்கொண்டே இருந்தோம். இன்றைய விலையில் அவற்றை மாற்றுவதும் எளிதல்ல. எனவே பழைய வாகனத்தின் குறையைச் சரியாகக் கண்டுபிடிப்பது இப்போது முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது.

ஸ்கேனர் சாட்சி, நீதிபதி அல்ல

"ஸ்கேன் போட்டால் எல்லாம் தெரியும்" என்ற நம்பிக்கை இன்று பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான சொக்கட்டும் குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் அது வந்தது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே ரிகண்டிஷனாக வந்த பழைய வாகனங்கள் சிலவற்றோடு பொதுவான ஸ்கேனர் பேசாது. 1990களின் டொயோட்டாக்களில் பலவற்றுக்கு ஸ்கேனரே வேண்டாம். போனட்டின் அடியிலுள்ள சோதனைப் பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு வயர்த்துண்டால் இணைத்தால், எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்து எண்ணைச் சொல்லும். இரண்டு முறை எரிந்து, சற்று நின்று, மீண்டும் இரண்டு முறை எரிந்தால் 22. அது தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சரின் சுற்று. இதை அறிந்த பழைய மெக்கானிக்குகள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

குறியீடு சொல்வது எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. எந்தச் சுற்றில் குறை தெரிந்தது என்பதை மட்டுமே. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சரின் சுற்றில் பிழை. சென்சர் போயிருக்கலாம், அதற்குப் போகும் வயர் உரசியிருக்கலாம், இணைப்பில் துரு இருக்கலாம். பி0171 என்றால் எரிபொருளுக்குக் காற்று அதிகம். அதைப் பார்த்து ஒக்சிஜன் சென்சரை மாற்றுபவர்கள் பலர். ஆனால் வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயும் அதே குறியீட்டைத் தரும்.

இங்கே வியாபாரிகளுக்கு ஒரு முக்கியமான விடயம். பல வாகனங்களில் குறியீடு பதிவாகும்போது எஞ்சினின் வேகம், சூடு, வாகனத்தின் வேகம் ஆகியவையும் கூடவே பதிவாகும். குறை எப்போது, எந்த நிலையில் வந்தது என்பதற்கு அதுவே எழுத்துமூலச் சாட்சி. படித்து எழுதுவதற்கு முன்னரே குறியீட்டை அழித்தால் அந்தச் சாட்சியும் அழியும். பெட்டரி முனையைக் கழற்றி மாட்டினாலும் பல வாகனங்களில் அழிந்துவிடும். "லைட்டை அணைச்சிட்டேன், இப்ப சரி" என்று சொல்லும் கராஜில் குறை தீரவில்லை. கணக்கு உதைக்கிறது என்று பேரேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறியும் கணக்காளரை நாம் வேலைக்கு வைத்திருப்போமா?

தேடுவதற்குக் கூலி

குறியீட்டுக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எஞ்சின் ஓடும்போது வயர்க்கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகமான சென்சரைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்க்க வேண்டும். பம்புக்கு மின்சாரம் போகிறதா என்று காட்டும் ஒரு சிறிய பல்பை சாரதியின் கண்ணில் படும்படி கட்டி, வழமையான பாதையில் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்கும் கணத்தில் பல்பு எரிந்தபடி இருந்தால், சந்தேகம் பம்பிலேயும் அதற்கு அப்பாலும். பல்பும் அணைந்தால் ரிலே, வயர், சுவிட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சுழற்சி சமிக்ஞை நின்றாலும் கணினி பம்பை நிறுத்திவிடும் என்பதால் கிராங்க் சென்சரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதற்குத் தேவை சோதனை பல்பும் மல்ட்டிமீற்றரும் எரிபொருள் அழுத்தமானியும். இவற்றைவிட முக்கியமாக, நேரம்.

அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் ஓடும் ஒரு நாளின் நிகர வருமானம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊகத்தின் பேரில் மூன்று பாகங்களை மாற்ற 70,000 ரூபாய் போகிறது. நான்கு நாள் ஓட்டமும் போகிறது. மொத்தம் 94,000 ரூபாய். குறை இன்னும் அப்படியே இருக்கிறது. தேடுவதற்கு மட்டும் 10,000 ரூபாய் கூலி பேசி, இரண்டு நாள் வாகனத்தை விட்டு, 1,500 ரூபாய் வயர் இணைப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், இழந்த இரண்டு நாளையும் சேர்த்து 23,500 ரூபாய். எல்லா முறையும் இவ்வளவு மலிவாக முடியாது என்பது உண்மை. சில வேளைகளில் விடை விலை உயர்ந்த பம்பாகவும் இருக்கும். ஆனால் அப்போதும் ஒரு பாகத்துக்குத்தான் பணம் கொடுப்போம், மூன்றுக்கு அல்ல.

சிறிய கராஜ்களில் இத்தனை வசதி இல்லையே என்று சிலர் கேட்கலாம். வசதி வராமல் இருப்பதற்கும் காரணம் நாம்தான். கற்றுக்கொண்ட இளைஞனுக்கு அந்தக் கல்விக்காகக் கூலி கிடைக்காது என்றால், அவன் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவான். எங்களிடம் மிஞ்சுவது ஸ்பானர் மட்டும்தான்.

உலகம் கொடுத்த விலை

"நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் போச்சு" என்று இதை அலட்சியமாக எடுப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கதை ஒரு பாடம். அதன் சில கார்களில் திறப்பு போடும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. திறப்புக்கொத்தின் பாரமோ, ஒரு குலுக்கலோ போதும். ஓடும்போதே சுவிட்ச் நழுவி எஞ்சின் நின்றது. அதோடு காற்றுப்பைகளும் செயலிழந்தன. நிறுவனத்துக்குள் இதை வாடிக்கையாளரின் வசதி சம்பந்தப்பட்ட சிறு குறையாகவே பல ஆண்டுகள் பார்த்தார்கள். 2006இல் சுவிட்சை மாற்றியமைத்தபோது பாகத்தின் இலக்கத்தை மாற்றவில்லை. அதனால் பின்னர் ஆராய்ந்தவர்கள் பழையது எது, புதியது எது என்று தெரியாமல் திணறினார்கள். 2014 பெப்ரவரியில் தொடங்கிய திருப்பி அழைப்பு சுமார் 26 இலட்சம் கார்கள் வரை சென்றது. நிறுவனத்தின் நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

கடைத் திறப்பு, களஞ்சியத் திறப்பு, லாச்சித் திறப்பு என்று பத்துப் பதினைந்தை வாகனத் திறப்போடு கோத்துத் தொங்கவிடும் பழக்கம் எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? பழைய சுவிட்சுகள் தேய்ந்திருக்கும். வாகனத் திறப்பைத் தனியாகப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஜப்பானிய வாகனமே தரம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. டென்சோ நிறுவனம் செய்த எரிபொருள் பம்புகளின் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளில் ஊறி வீங்கி, பம்பை நிறுத்தியது. எச்சரிக்கை விளக்கு, திணறல், ஓட்டத்தில் நிற்றல் என்பவையே அதன் அறிகுறிகள். 2020 முதல் டொயோட்டா, ஹொண்டா உட்படப் பல நிறுவனங்கள் உலகெங்கும் பல இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தன. ஆனால் அந்த அழைப்புக் கடிதம் ஜப்பானில் இருந்த பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகும், இரத்தினபுரிக்கு வராது. ரிகண்டிஷன் வாகனம் வைத்திருப்பவர்கள் செசி இலக்கத்தைக் கொடுத்து, தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்திலோ இங்குள்ள முகவரிடமோ கேட்டுப் பார்ப்பது நல்லது.

குறை சில வேளைகளில் வாகனத்திலேயே இருப்பதில்லை. 2011இல் தரம் குறைந்த பெற்றோல் சந்தைக்கு வந்து, நாட்டின் பல பகுதிகளில் வாகனங்களின் பம்புகள் பழுதடைந்தன. விடயம் பெரிதாகி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும் நிலை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு ஏற்பட்டது. அப்படியான நாளில் எரிபொருள் நிரப்பிய பற்றுச்சீட்டும், திருத்தியதற்கான பில்லும், கழற்றிய பாகமும் கையில் இல்லாதவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எங்களுக்கும் உரியதுதான். ஆனால் கடதாசி இல்லாத முறைப்பாடு காலில்லாத மேசை போன்றது.

உயிரும் பொறுப்பும்

எல்லாவற்றுக்கும் மேலாக இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். எங்கள் வேன்களில் சரக்கு மட்டும் போவதில்லை. காலையில் தோட்டப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். மாலையில் தொழிலாளர்கள் கொழுந்து மடுவத்திலிருந்து வீடு திரும்புகிறார்கள். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வெக்கூம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் தாங்கும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக உறுதியாக மிதித்து, குறைந்த கியருக்கு மாறி, கைப்பிரேக்கை மெதுவாக இழுத்து ஓரத்துக்கு வர வேண்டும். வாகனம் நிற்கும் வரை திறப்பை முற்றாகத் திருப்பிக் கழற்றக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிவிடும். சம்பளத்துக்கு வைத்திருக்கும் சாரதிக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? நின்று நின்று ஓடும் வேனில் குறை தீரும் வரை ஆட்களை ஏற்றாமல் இருப்பது உரிமையாளரின் கடமை.

அதேபோல, குறை பிடிபடவில்லை என்று குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்திருக்கும் இரண்டு நாளுக்குள் வாகனத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது நடக்கிறது. அழித்த குறியீடு திரும்பி வர எத்தனை கிலோமீற்றர் ஆகும் என்று கணக்குப் பார்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எங்கள் வணிக ஒழுக்கத்தின் அரிச்சுவடி. பழுத்த வாழைக்குலைக்கும் கிழிந்த துணிக்கும் பொருந்தும் அந்த ஒழுங்கு, எச்சரிக்கை விளக்குக்குப் பொருந்தாதா? வாங்கியவரின் பிள்ளைகள் அந்த வாகனத்தில்தான் மலை இறங்கப் போகிறார்கள்.

செய்யக்கூடியவை

முதலாவது, வாகனத்தில் ஒரு கொப்பி வையுங்கள். நின்ற ஒவ்வொரு முறையும் சாரதி எழுத வேண்டியவை: நாள், நேரம், இடம், மழையா வெயிலா, எஞ்சின் சூடா குளிரா, தாங்கியில் எவ்வளவு, பாரம் எவ்வளவு, ஏற்றமா இறக்கமா, சட்டென்று நின்றதா திணறி நின்றதா, விளக்கு முன்னா பின்னா, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடியது, கடைசியாக எங்கே எரிபொருள் அடித்தது. ஐந்தாறு முறை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். கடன் கொப்பி எழுதத் தெரிந்த எங்களுக்கு இது பெரிய வேலை அல்ல. விளக்கு எரியும்போதே கைத்தொலைபேசியில் டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கராஜில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கு இவ்வளவு தருகிறேன். கண்டுபிடித்ததை எனக்குக் காட்டிய பிறகே பாகத்தை மாற்றுங்கள். குறியீட்டை எழுதித் தராமல் அழிக்காதீர்கள். கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும்." இந்த நான்கு வசனங்களும் நல்ல மெக்கானிக்குக்குக் கோபத்தைத் தராது. கோபப்படுகிறவரிடம் வாகனத்தை விடுவதா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, இரத்தினபுரி, பலாங்கொடை, மாவனல்லை, கேகாலை போன்ற நகரங்களின் வர்த்தக சங்கங்கள் ஒன்றை யோசிக்கலாம். விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அங்கத்தவர்களின் வாகனங்களைத் திருத்தும் இரண்டு மூன்று இளம் மெக்கானிக்குகளை மின்னணுப் பழுதறியும் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒரு நல்ல ஸ்கேனரையும் அழுத்தமானியையும் பொதுவில் வாங்கிக் கொடுக்கலாம். பதிலுக்கு, தேடும் வேலைக்கு ஒரு நிலையான கூலியை இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளலாம். ஐம்பது வியாபாரிகள் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு, ஊகத்தின் பேரில் வாங்கிய ஒரு பாகத்தின் விலைக்கு வராது.

சரக்கை நிறுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. காசோலையின் திகதியைப் பார்க்காமல் பெட்டிக்குள் போடுவதில்லை. வாகனப் பழுதுக்கும் அதே அளவுகோலைப் பிடித்தால் போதும். நல்ல மெக்கானிக்கிடம் நாம் வாங்கும் முதல் சரக்கு விடைதான். அதற்கு விலை கொடுக்கத் தொடங்கினால், பாகங்களுக்கு வீணாகக் கொடுக்கும் விலை தானாகக் குறையும்.